நாளொன்றுக்கு 88 நிமிடம்

தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 2020 மே மாதம் 58இலிருந்து 59 ஆக்கினார்கள். மறு பிப்ரவரியிலேயே அது 60 ஆயிற்று. இரண்டு தடவையும் மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் கேசரி கிண்டப்பட்டது. சம்பளம் இன்னும் கொஞ்ச காலம் நீள்கிறதே என்ற சந்தோஷமாக்கும் என்று நானும் இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். இரண்டாவது கேசரியன்று, சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவிடம் என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "இன்னும் ஒரு வருசத்துக்குக் காலையில எட்டு மணிக்குக் கெளம்பிப் போயிடுவாருக்கா."

அப்படியும் ஒரு நாள் அந்த நாள் வந்தேவிட்டது. கடலூர் அலுவலகத்தில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, சுவர்க்கடிகாரம் ஒன்றும் கொடுத்தார்கள். இனிமேலாவது குடும்பத்தோடு நேரம் செலவழியுங்கள் சார் என்று ஆளுக்கு ஆள் வாழ்த்தினார்கள். குடும்பத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜப்பானில் நோபுவோ குரோகாவா என்றொரு மருத்துவர் 1991இல் ஒரு புது நோய்க்குப் பெயர் வைத்தார். ஓய்வு பெற்ற கணவரால் வரும் நோய். கணவருக்கு அதில் ஒரு தொந்தரவும் கிடையாது. அவர் வேலையை விட்டு வந்து வீட்டில் உட்கார்ந்ததும் மனைவிக்கு வயிற்றுப்புண், தோல் தடிப்பு, ரத்தக்கொதிப்பு என்று வரிசையாக வரும். சிரிப்பாக இருக்குமே என்று இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "அந்த டாக்டரு பாண்டிச்சேரிக்கு எப்பவாவது வருவாராங்க?" என்று கேட்டாள்.

நான் வீட்டில் சும்மா உட்காருகிற ஆள் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஓய்வு பெற்ற கையோடு அடுக்களையைச் சீர்திருத்தினேன். ஆயுள் முழுக்கக் கோப்புகளைக் கட்டிக் காபந்து பண்ணியவனுக்கு அஞ்சறைப்பெட்டி எம்மாத்திரம்? எல்லா டப்பாவுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி அகர வரிசையில் அடுக்கினேன். கசகசா, கடலைப்பருப்பு, கடுகு, கருப்பட்டி, கல்லுப்பு என்று அணிவகுத்து நின்றதைப் பார்க்க மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறை போலவே இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாம் பழைய இடத்துக்கே போய்விட்டன. அன்றாடம் எடுப்பது கைக்கு எட்டுகிற இடத்தில், மற்றவை மேலே. என்னுடைய சீட்டுகள் மட்டும் மிச்சம். இன்றைக்கு எங்கள் வீட்டில் 'கசகசா' என்று எழுதிய டப்பாவில் கடுகு இருக்கிறது. 'கடுகு' என்று எழுதியதில் என்ன இருக்கிறதென்று அவளுக்கு மட்டும் தெரியும். முன்பு யார் வந்தாலும் தேடி எடுத்துவிடலாம். என் சீர்திருத்தத்துக்குப் பிறகு முழு அதிகாரமும் அவள் கையில்தான்.

இப்படிப்பட்ட என்னைப் பார்த்து, சென்னையிலிருந்து வந்திருந்த என் மகள், "அப்பா, நீங்க வீட்டு வேலை ஒண்ணும் செய்றதில்லையா?" என்று கேட்டாள். நான் வாய்ப்பேச்சு பேசுகிறவன் அல்ல, ஆதாரத்தோடு பேசுகிறவன். தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்தேன். ஆறு வயதுக்கு மேற்பட்ட மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய கணக்கு அது. 2019இல் ஒரு தடவை எடுத்தார்கள், 2024இல் மறுபடியும். சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் 2019இல் நாளுக்கு 299 நிமிடம் செலவழித்தார்கள். 2024இல் அது 289 ஆகக் குறைந்திருக்கிறது. ஐந்து வருடத்தில் பத்து நிமிடம் மிச்சம். நாடு முன்னேறுகிறது என்று மகளிடம் சொன்னேன்.

"ஆம்பளைங்க கணக்கையும் படிங்கப்பா" என்றாள்.

ஆண்கள் 2019இல் 97 நிமிடம். 2024இல் 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததைப் பார்த்து, நாங்களும் எங்கள் பங்குக்கு ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறோம். சமத்துவம் என்றால் இதுதானே?

அந்த 88 கூட இந்தியாவிலுள்ள அத்தனை ஆண்களின் சராசரி இல்லையாம். அன்றைய தேதியில் ஏதாவது வீட்டு வேலையில் கைவைத்தவர்களை மட்டும் சேர்த்துப் போட்ட சராசரி. 2019 கணக்குப்படி அப்படிக் கைவைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். பெண்கள் 81 பேர். நாலு ஆண்களில் மூன்று பேர் அந்தப் பக்கமே போகவில்லை. அடுக்களை டப்பாவுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிய நான் தேசிய அளவில் முதல் கால்பங்கில் வருகிறேன் என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்டினேன்.

மகள் விடவில்லை. ஒரு நோட்டு வாங்கி, அதே கணக்கெடுப்பு முறையில் அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டு, இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் அம்மா என்று எழுதி, குளிர்பெட்டி மேல் வைத்துவிட்டாள். நாள் என்பது விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் 4 மணிக்கு முடியும். சர்க்காரின் விதியே அதுதானாம். காலை நாலு மணிக்கு நாள் தொடங்குகிறது என்ற சங்கதி டில்லியில் எந்த அதிகாரிக்குத் தெரிந்திருக்கும்? அவர் வீட்டில் யாரோ அந்நேரத்துக்கு எழுந்து வாசல் தெளிக்கிறார்கள் போலிருக்கிறது.

என் பக்கத்தை ஒழுங்காக நிரப்பினேன். 4.00 முதல் 6.30 வரை உறக்கம். 6.30 முதல் 7.00 வரை எழுந்திருத்தல். 7.00 முதல் 7.30 வரை பால் சொசைட்டிக்குச் செல்லுதல். 7.30 முதல் 8.30 வரை மேற்படி இடத்தில் நாட்டு நடப்பு. 8.30 முதல் 9.00 வரை இட்லிக்குக் காத்திருத்தல். காத்திருப்பது ஒரு வேலையா என்று மகள் சிவப்பு மையில் கேட்டிருந்தாள். அதற்குத்தானம்மா எனக்கு இத்தனை வருடம் சம்பளம் கொடுத்தார்கள்.

மனைவியின் பக்கத்தைப் புரட்டினால் வெள்ளையாக இருந்தது. எழுத ஏது நேரம் என்று கேட்டுவிட்டாளாம். ஒரே ஒரு இடத்தில் பென்சிலில் இருந்தது: 'இஸ்திரி - சட்டை 6, வேட்டி 2'. ஆறு சட்டையும் என்னுடையவை. ஆக, வீட்டிலுள்ள எழுத்துபூர்வமான ஆதாரப்படி, காலை முதல் இரவு வரை இடைவிடாமல் உழைப்பவன் நான். அவள் என் துணிகளை எண்ணியதோடு சரி. எந்தத் தணிக்கை அதிகாரி வந்தாலும் இதைத்தான் எழுதிவிட்டுப் போவார்.

இருந்தாலும் ஆணுக்கென்றே உள்ள வேலைகளை இந்தப் பெண்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் பக்கத்தில் பலாப்பழம் அறுப்பது ஆண் பிள்ளை வேலை. பண்ருட்டி பக்கத்தில் இருக்கிறதால் சித்திரை முதல் ஆனி வரை யாராவது ஒருவர் ஒரு பழத்தைக் கொண்டுவந்து திண்ணையில் உருட்டிவிட்டுப் போவார். அதை முகர்ந்து பார்த்து, தட்டிப் பார்த்து, 'இன்னும் ரெண்டு நாள் போகட்டும்' என்று தீர்ப்புச் சொல்வது நான். இரண்டு நாள் கழித்து அறுப்பு வைபவம். "பழைய பேப்பர் எங்கே?" "எண்ணெய் எங்கே?" "அந்தப் பெரிய அரிவாள்மணை எங்கே?" என்று நான் குரல் கொடுப்பேன், ஒவ்வொன்றும் என் முன்னால் வந்து சேரும். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் நல்லெண்ணெய் தடவி, பழத்தைப் பிளந்தால் தெருவே மணக்கும். பிள்ளைகள் கூடுவார்கள். போகிற வருகிறவர்கள் நின்று, பழம் வெட்டின கையைப் பாராட்டிவிட்டு ஒரு சுளை தின்றுவிட்டுப் போவார்கள். நானும் பண்ருட்டிப் பலாவுக்கு மண் காரணமா நீர் காரணமா என்று ஒரு விளக்கம் கொடுப்பேன். சுளைகளைத் தாம்பாளத்தில் கோபுரமாக அடுக்கி முடிக்கும்போது இடுப்பு விட்டுப்போகும். எழுந்து, கையை நீட்டி, எண்ணெய் போட்டுத் துடைத்துவிடச் சொல்லி, ஊஞ்சலில் சாய்ந்தால் வருகிற அந்த நிம்மதி இருக்கிறதே, உழைத்தவனுக்குத்தான் அது தெரியும்.

அதற்குப் பிறகு மிச்சம் ஒன்றுமில்லை. அரிவாள்மணையில் ஒட்டிய பாலைத் தேங்காய் எண்ணெய் போட்டுச் சுரண்ட வேண்டும். தரையில் ஒட்டியதை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்க்க வேண்டும். சடையை வாரி மாட்டுக்காரருக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். சுளையை நாலு வீட்டுக்குப் பங்கு பிரித்து, சர்க்கரை வியாதி உள்ள வீட்டில் யாரிடம் கொடுப்பது என்று யோசித்துக் கொடுக்க வேண்டும். கொட்டையைக் கழுவி, காயவைத்து, மேல்தோல் உரித்து, குழம்புக்கு எடுத்துவைக்க வேண்டும். ஈ மொய்க்காமல் பார்க்க வேண்டும். என் வேட்டிக் கறை போகாது, ஆனாலும் துவைக்க வேண்டும். சில்லறை வேலைகள். இரண்டு நாளில் முடிந்துவிடும். தெருவில் யாரைக் கேட்டாலும் எங்கள் வீட்டில் பலாப்பழம் அறுத்தவர் நான்தான் என்பார்கள்.

இதையெல்லாம் மனம்விட்டுப் பேச எனக்கு இருக்கிற ஒரே இடம் பஸ் நிறுத்தத்து டீக்கடை. அங்கே கூடுகிறவர்கள் அனைவரும் விவரமானவர்கள். நூறு நாள் வேலை வந்து நாட்டையே சோம்பேறியாக்கிவிட்டது என்பது எங்கள் பெஞ்சின் ஒருமனதான கருத்து. காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை இதைப் பேசுவோம். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் பெண்கள். அதாவது நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கண்டிக்கும் நேரத்தில், எங்கள் கண்டனத்துக்கு ஆளானவர்கள் வெயிலில் வாய்க்கால் வாரிக்கொண்டிருக்கிறார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகைகளிலும் பெண்கள்தான். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பல் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். அந்தக் கையோடு வீட்டுக்குப் போய்ப் புளி கரைப்பார்கள். வறுத்த முந்திரியை முழுசாக உடையாமல் வாங்க வேண்டும் என்றால் யாரைப் பிடிக்க வேண்டும் என்பதிலெல்லாம் எங்கள் பெஞ்சுக்கு நல்ல அனுபவம் உண்டு.

சர்க்கார் மட்டும் பெண்கள் பக்கமே நிற்கிறது. 2011 செப்டம்பரில் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தார்கள். அந்த மூன்றிலும் ஒரு நியாயம் தெரிந்தது: மிக்ஸியும் கிரைண்டரும் அரைக்கிறவர்களுக்கு, மின்விசிறி அரைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பவர்களுக்கு. 2021 மே மாதம் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்றாகிவிட்டது. அதற்கு முன் அவளைக் கடலூர் மஞ்சக்குப்பம் கடைத்தெருவுக்கு அழைத்துப்போவது ஒரு திருவிழா. என் சௌகரியம், என் மூடு, என் சட்டைப்பை எல்லாம் பார்த்துத்தான் நடக்கும். இப்போது கேட்காமலேயே போய்விட்டு, என் மருந்தையும் வாங்கிக்கொண்டு, என் மத்தியானத் தூக்கம் கலைவதற்குள் வந்துவிடுகிறாள்.

2023 செப்டம்பர் 15இல் மகளிர் உரிமைத் தொகை வந்தது. குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு. வீட்டில் அவர்கள் செய்கிற வேலைக்கான அங்கீகாரம் என்றார்கள். எங்கள் வீட்டு அம்மாளும் ஆசையாக விதிகளைக் கேட்டாள். ஓய்வூதியம் வாங்குகிற குடும்பத்துக்குக் கிடையாதாம். முப்பது சொச்சம் வருடம் எனக்கு டிபன் கட்டி அனுப்பியதால்தான் நான் வேலைக்குப் போனேன், வேலைக்குப் போனதால்தான் பென்ஷன், பென்ஷன் வருவதால் டிபன் கட்டியதற்கு அங்கீகாரம் இல்லை. இந்த அரசாணையில் குறை சொல்ல ஓர் இடமும் இல்லை. நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

அதே வருடம் ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்புச் சொன்னார். கணவர் 1983 முதல் 1994 வரை சவுதியில் சம்பாதித்தவர்; மனைவி இங்கே பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டவர். வீட்டு வேலை செய்து கணவரைச் சம்பாதிக்க விட்டதும் சொத்து வாங்கக் கொடுத்த பங்குதான், ஆகவே சொத்தில் அவருக்குச் சம பங்கு உண்டு என்பது தீர்ப்பு. மேலாளர், சமையற்காரர், வீட்டு வைத்தியர், வீட்டுப் பொருளாதார நிபுணர் எல்லாம் ஒருவரே என்று நீதிபதி பட்டியலும் போட்டிருந்தார். கணவருக்கு எட்டு மணி நேர வேலை, மனைவிக்கு இருபத்து நாலு மணி நேரமும் வேலை என்றும் ஒப்பிட்டிருந்தார். டீக்கடையில் அன்றைக்குப் பேச்சு இல்லை. எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் பட்டா யார் பெயரில் இருக்கிறதென்று பார்த்தோம்.

என் மருமகனைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. மாப்பிள்ளை தோசை வார்க்கிறார். பாத்திரம் கழுவுகிறார். சென்னைக்குப் போயிருந்தபோது எனக்கே காபி கலந்து கொடுத்தார். நன்றாகவும் இருந்தது, அதுதான் வேதனை. அவர் வாசற்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு துணி உலர்த்துவதைப் பார்த்து, உள்ளே போய் வேலை செய்யுங்களேன் மாப்பிள்ளை, நாலு பேர் பார்க்கிறார்கள் என்று நயமாகச் சொன்னேன். பார்க்கட்டும் மாமா என்றார். என் மனைவி அவரைக் கொண்டாடுவதைப் பார்த்தால் தோசையை அவர்தான் கண்டுபிடித்தார் என்று நினைக்கத் தோன்றும். அவள் வார்த்த தோசைகளை அடுக்கினால் கெடிலம் ஆற்றுக்குப் பாலமே போடலாம். அதற்கு நான் கொண்டாடியதாக நினைவில்லை.

மகளிடம் தனியாக, கொடுத்து வைத்தவள் நீ என்றேன். "செய்றாருப்பா. ஆனா உளுந்து ஊறப்போடணும்னு எனக்குத்தான் ஞாபகம் வரணும். பிள்ளைக்குத் தடுப்பூசி எப்பன்னு எனக்குத்தான் தெரியணும். உப்பு எங்கேன்னு கேட்டுக்கிட்டே சமைக்கிறாரு" என்றாள். எனக்கு மாப்பிள்ளை மேல் முதல்தடவையாகப் பாசம் வந்தது. நம் ஆள்தான்.

ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24ஆம் தேதி பெண்கள் எல்லோரும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டார்கள், வீட்டு வேலை உட்பட. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார்களாம். சமைக்கச் சுலபம் என்று எல்லோரும் பாய்ந்ததில் கடைகளில் சாசேஜ் தீர்ந்துபோயிற்று. நம்மூரில் அந்தப் பிரச்சினை வராது. நெல்லிக்குப்பத்தில் பரோட்டாக் கடைகள் நிறைய உண்டு. இதை என் மனைவியிடம் சொல்லவில்லை. யோசனை கொடுப்பது ஆபத்து. அவளுக்குக் காய்ச்சல் வந்த அன்றே எனக்கு ஐஸ்லாந்து என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. நானே ரசம் வைத்தேன். புளி எவ்வளவு என்று கேட்க ஒரு தடவை எழுப்பினேன். பருப்பு எங்கே என்று ஒரு தடவை. அடுப்பை அணைக்கலாமா என்று ஒரு தடவை. கடைசியில் எழுந்து வந்து, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ரசத்தை உறவுக்காரர்கள் எல்லோருக்கும் போனில் சொன்னேன். காய்ச்சலைச் சொல்ல மறந்துவிட்டேன்.

எனக்கு ஜலதோஷம் வந்தால் கதை வேறு, தெருவுக்கே தெரியும். அவள் மூட்டுவலியை இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் நான் அறிந்தேன். மருத்துவரிடம் அழைத்துப்போனதில் ரத்தம் குறைவு என்றும் சொன்னார். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. இவள் அந்த வயதைத் தாண்டியவள் என்பதால் அந்தக் கணக்கிலும் வரமாட்டாள். என்ன சாப்பிடுகிறார்கள் என்று மருத்துவர் கேட்டார். எனக்கு என்ன சமைக்கிறாளோ அதேதான் டாக்டர் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். எப்போது சாப்பிடுவார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்நேரம் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

பெண்கள் ஆண்களைவிடச் சில வருடம் கூடுதலாக வாழ்கிறார்கள். மனைவியை இழந்த ஆண்கள் சீக்கிரம் போய்விடுவதும், கணவனை இழந்த பெண்கள் அவ்வளவு சீக்கிரம் போகாததும் பல நாட்டு ஆய்வுகளில் கண்ட சங்கதி. ஆண்களுக்குத்தான் பாசம் அதிகம் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று டீக்கடையில் தீர்மானித்தோம். மகளிடம் போனில் சொன்னேன். "பாசம் இல்லப்பா. உப்பு டப்பா எங்கேன்னு தெரியாமப் போயிருப்பாங்க" என்றாள். எங்கள் வீட்டில் அந்த டப்பா மேல் 'கல்லுப்பு' என்று நானே எழுதியிருக்கிறேன். உள்ளே வெந்தயம்.

ஆகவே நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் அடுத்த சுற்றுக்கு வருகிற அதிகாரிக்கு ஒரு வேண்டுகோள். மேல்பட்டாம்பாக்கத்துக்கு ஆனி மாதத்தில், பழம் அறுக்கிற நாளாகப் பார்த்து வாருங்கள். 88 நிமிடம் என்ன, நூறே காட்டுகிறேன். திண்ணையில் என்னிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போக வேண்டாம். அவளுக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது.